அச்சானியப் பாடம்

அந்தப் பாடத்தின் முதல் வரியிலேயே ஓர் ஏழைக் கைம்பெண் வந்துவிடுவாள். ஒரு கிராமத்தில் தன் இரண்டு பிள்ளைகளோடு அவள் வாழ்ந்து வந்தாள் என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். கீழே கேள்விகள். பத்தியைப் படித்துவிட்டுக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் இப்படி ஒரு பகுதி உண்டு. கைடைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மட்டும் முன்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்துத் தாண்டிவிடுவேன். என் வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் கட்டிலில் படுத்திருக்கிறார். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. கழுத்தில் தாலியை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை நான் எப்படி வாய்விட்டு வாசிப்பேன்?

இப்படிப்பட்ட பேச்சை எங்கள் பக்கம் அச்சானியம் என்போம். வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்ல மாட்டோம், வாங்க வேண்டும் என்போம். விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டோம், குளிர வைத்தேன் என்போம். வெளியே புறப்படுகிறவர் போகிறேன் என்று சொன்னால், திரும்பவும் வாசலுக்குள் கூப்பிட்டு, வாரேன் என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவோம். வாயிலிருந்து விழுகிற சொல்லுக்கு உயிர் உண்டு என்று நம்புகிற வீடு எங்களுடையது. எனக்கு அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை.

ஒரு தை மாதம் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் காட்டில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். அன்று காலையில் அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு, "இத்தனை தண்ணியா ஊத்துனா நான் மரத்துல இருந்து விழ வேண்டியதுதான் புள்ளே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெயில் ஏறுவதற்குள் அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. உட்கார வைத்தால் உட்காருவார். அவ்வளவுதான்.

நான் எங்கள் ஊர்ப் பால்வாடியில் ஆயா. பிள்ளைகளைக் கூட்டி வருவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது என் வேலை. அங்கே டீச்சராக இருந்த அம்மா ஓய்வு பெறப் போகிற சமயம் அது. அவர்தான் ஒருநாள் சொன்னார்: "பத்து பாஸ் பண்ணிடு. எனக்கப்புறம் உன்னைப் போடச் சொல்லி ஆபீஸ்ல கேக்கலாம். இல்லேன்னா கீழே இருந்து யாராச்சும் வந்துருவாங்க, சொல்லிட்டேன்." நான் எட்டாவதோடு நின்றவள். தனித்தேர்வராக எழுதி, தமிழ், கணக்கு, அறிவியல், சமூகம் எல்லாவற்றிலும் அம்மன் புண்ணியத்தில் தேறிவிட்டேன். இங்கிலீஷ் மட்டும் கல்லாக நின்றது. ஆயா சம்பளத்தில் அவர் மருந்தும், விடுதியில் படிக்கும் மகளும், வீடும் நடக்காது. மிளகு மரத்தில் ஏற இனி எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அந்தப் பாஸ் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. வேறு வழி இருந்தால் நான் அதைத் தேடிப் போயிருப்பேன்.

எங்கள் மலையில் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்த இங்கிலீஷ் டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். தெற்கே கடலோர மாவட்டத்துப் பெண். என்னைவிட இளையவர். பள்ளிக்கூடம் விட்டதும் பால்வாடிக்கு வருவார். குழந்தைகள் படுக்கும் பாயில் இரண்டு பேரும் உட்காருவோம். அவர் கண்ணை மூடி ஏசுவிடம் ஏதோ சொல்வார். நான் எங்கள் ஊர் அம்மனிடம் சொல்வேன். பிறகு கைடைத் திறப்போம்.

நான் வாசித்தால் அது தோத்திரம் சொல்வதுபோல இருக்கும். நிறுத்தாமல், ஏற்றி இறக்கி, ஒரே மூச்சில். அர்த்தத்தைத் தேடத் தெரியாது. முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டால் விடை தானாக வந்துவிடும் என்று நினைத்தேன்.

"அக்கா, மனப்பாடம் பண்ணாதீங்க. பரீட்சையில வேற பத்திதான் வரும்."

"அப்ப இதை எதுக்குங்க டீச்சர் படிக்கறோம்?"

"தேடிப் பழகறதுக்கு. விடை பத்திக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும்."

ஒரு பத்தியில் ஒரு கிழவர் சந்தோஷமாக இருந்தார். அவர் ஏன் சந்தோஷமாக இருந்தார் என்று கேள்வி. தெய்வத்தின் அருளால் என்று எழுதினேன். இங்கிலீஷில் அதை எழுத எனக்கு அரை மணி ஆயிற்று.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அக்கா, இந்தப் பத்தியில கடவுள் எங்கேயும் வரலியே. மகன் ஊர்லேர்ந்து வந்தான்னுதானே போட்டிருக்கு?"

"மகனைக் கூட்டிக்கிட்டு வந்தது யாருங்க டீச்சர்?"

"அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேப்பர் திருத்தறவருக்கு அது வேண்டாம். பத்தி என்ன சொல்லுதோ அதை மட்டும் எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதினா மார்க் போயிடும்."

இந்த ஒன்று எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. இலக்கணம் கொஞ்சம் பரவாயில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதுபோல மாற்றி எழுதும் பயிற்சிக்கு வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொண்டேன். அவர் கட்டிலில் இருந்தபடி ஏதாவது சொல்வார். நான் அடுப்பில் ராகிக் களியைக் கிண்டிக்கொண்டே அதை மாற்றுவேன். "எனக்கு ஒண்ணுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். தான் நன்றாக இருப்பதாக அவர் சொன்னார் என்று இங்கிலீஷில் சொல்வேன். நன்றாக இருக்கிறவர் இப்படியா கிடப்பார்?

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் இடத்தில் பெண்கள், "ஏனுங்க துரைசானி, கெழங்குக்கு இங்கிலீசுல என்னங்க?" என்பார்கள். "மொதல்ல மண்ணைத் தட்டிப் போடு, அப்புறம் சொல்றேன்" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவர்கள் வீட்டில் மரம் ஏற ஆள் இருந்தது.

கைம்பெண் பாடத்தை நான் தாண்டுவதை டீச்சர் ஒருநாள் கண்டுபிடித்தார். "இது முக்கியமான பத்தி அக்கா. இதுமாதிரிதான் நிறைய வரும். வாசிங்க."

"வேண்டாமுங்க டீச்சர்."

"ஏன்?"

சொன்னேன். "கதைதானே அக்கா."

"கதை யாருதோ இருக்கட்டும். வாய் என்னோடதுங்களே."

அவர் வற்புறுத்தவில்லை. வேறு பத்தியை எடுத்தார். பாவம், அவர் நல்ல மனதுதான் என்னைக் கெடுத்தது என்று பிறகு ஒரு கோபமான நேரத்தில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு ஈசனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பரீட்சைக்குக் கீழே இறங்கிப் போனேன். முதல் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி அடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். பரீட்சை மண்டபத்தில் என்னைச் சுற்றி எல்லாம் மீசை முளைக்காத பையன்களும் இரட்டைச் சடைப் பெண்களும். கண்காணிப்பாளர் என்னைப் பார்த்து, "பிள்ளையை விட வந்தீங்களா? பெத்தவங்க வெளிய நிக்கணும்" என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன்.

கேள்வித்தாளில் வந்த பத்தி கடற்கரையில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றியது. அவள் புருஷன் படகில் போனான். புயல் அடித்தது. படகு திரும்பவில்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. அதுவரை எந்தப் பத்தியும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை. அவள் கரையில் நிற்பதும் காற்றும்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன. அவள் புருஷனுக்கு என்ன ஆயிற்று என்பது கேள்வி.

பேனா பேப்பரில் படவில்லை. வாயால் சொல்வதே அப்படியென்றால், கையால் எழுதி, அதற்குக் கீழே என் நம்பரையும் போட்டுக் கொடுத்தால்? வீட்டில் அவர் தனியாகப் படுத்திருக்கிறார். தண்ணீர்ச் சொம்பு எட்டும் இடத்தில் வைத்தேனா என்றுகூட நினைவில்லை. அவன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று எழுதினேன். எழுதியதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. உடனே இன்னொரு பாரம் ஏறிற்று. அவன் வந்துவிட்டதால் அதன்பின் வந்த கேள்விகளுக்கெல்லாம் அதற்குத் தகுந்தபடி நானே விடையைக் கட்ட வேண்டியதாயிற்று. அவள் ஏன் அழுதாள்? சந்தோஷத்தில். அவள் பிறகு எப்படிப் பிழைத்தாள்? புருஷனோடு. அந்தக் குழப்பத்தில் இலக்கணப் பகுதியில் தெரிந்ததையும் தப்பாக எழுதினேன்.

இங்கிலீஷில் தேறவில்லை என்று முடிவு வந்தது.

டீச்சர் செல்போனில் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்த்தார். "இது சுலபமாச்சே அக்கா. புயல்ல போயிட்டான்னு பத்தியிலேயே இருக்கே. என்ன எழுதினீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. சொன்னேன். டீச்சர் பேப்பரை மடித்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். கட்டிலில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"ஏ புள்ளே, இங்க வா."

போனேன்.

"நீ எதுக்குப் படிக்கறே?"

"சம்பளத்துக்குத்தானுங்க."

"சம்பளந்தான் இப்பவும் வருதே."

"அது பத்தாதுங்களே."

"நான் இல்லாத நாளைக்குத்தானே படிக்கறே? அதைச் சொல்லு. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அந்த டீச்சரம்மாளுக்கும் தெரியும். சொல்றதுக்குத்தான் இந்த ஊட்ல ஆளில்லை."

நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் சத்தம் போட்டார். மரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "எடு அந்தப் பொஸ்தகத்தை! அந்த முண்டச்சி பாடத்தை எடு!"

"நான் மாட்டேனுங்க."

"நீ எடுக்காட்டி நானே எடுக்கறேன்."

கைகளை ஊன்றி உடம்பை இழுத்தார். கால்கள் இரண்டும் மூட்டைபோல அவர் பின்னால் வந்தன. கட்டில் விளிம்புக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு சாண் வந்தால் கீழே விழுவார். நான் ஓடிப் போய்த் தாங்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் அப்படியே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கிடந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு அழுகை அடங்கவில்லை. பிறகு எழுந்து போய் கைடை எடுத்து வந்தேன்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பக்கத்தின் மேல் விரலை வைத்து, "இதுவா?" என்றார். "மொதல் வரிங்க." "வாசி." சாமி படத்தைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தேன்.

"அர்த்தம் சொல்லு."

"ஒரு ஊர்ல ஒரு ஏழைப் பொம்பளை இருந்தாளுங்க."

"வெறும் பொம்பளையா? டீச்சரம்மாகிட்ட கேப்பேன், பாத்துக்க."

சொன்னேன். அந்தச் சொல்லை என் வீட்டுக்குள், அவர் முகத்துக்கு நேராக, தமிழில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஆனால் அவர் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அவ என்ன பண்ணினா?"

"விறகு வித்தாளுங்க."

"புள்ளைங்க?"

"பள்ளிக்கூடம் போச்சுங்க."

"பொழைச்சுக்கிட்டாளா?"

"பொழைச்சுக்கிட்டான்னுதான் போட்டிருக்குதுங்க."

"நல்ல பொம்பளை" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குப் பிறகு தினமும் அவரே என்னைக் கேள்வி கேட்டார். பத்தியை வாசித்து அர்த்தம் சொல்வேன். அவர் குறுக்கே குறுக்கே கேட்பார். அவன் எதற்குப் போனான், இவள் ஏன் சிரித்தாள், அது எந்த வரியில் இருக்கிறது, காட்டு. விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், "உன் கதையைச் சொல்லாதே புள்ளே, அதுல இருக்கறதைச் சொல்லு" என்று விரட்டுவார். டீச்சர் மாசக்கணக்கில் சொல்லிப் புரியாதது எனக்கு அந்தக் கட்டிலடியில் புரிந்தது.

ஆனால் அடுத்த பரீட்சைக்கு முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தே கிடப்பதால் முதுகில் வரும் புண் பழுத்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. நர்ஸ் வந்து ஊசி போட்டுப் புண்ணைத் துடைத்துக் கட்டினார். குறையவில்லை என்றால் கீழே கொண்டுபோக வேண்டும் என்றார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் வாசித்தேன், அதனால் வந்தது. அம்மன் கோயிலுக்கு ஓடினேன். செருப்பில்லாமல், தலை முடியாமல். நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நான் பரீட்சைக்காகச் சொன்னேன் தாயே, உன்கிட்ட சொல்லலை! அதை நீ காதுல வாங்காதே! எனக்கு அந்தப் பாசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" உள்ளே இருட்டில் அவள் கண் மட்டும் தெரிந்தது. அவள் எப்போதும் உடனே பதில் சொல்கிறவள் இல்லை.

வீட்டுக்கு வந்து கைடை விறகுக் கட்டின் மேல் போட்டேன். அவர் காய்ச்சலிலேயே அதைப் பார்த்துவிட்டார். "அடுப்புல கிடுப்புல வெச்சிராதே" என்றார்.

பரீட்சை அன்று காலையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது, விடவில்லை. நான் போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கிலீஷ் டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். "நான் பாத்துக்கறேன் அக்கா. என் அண்ணன் மாதிரிதான். நீங்க கிளம்புங்க." அவரும் படுத்தபடியே, "இப்ப நீ போகாட்டி நான் மருந்து முழுங்க மாட்டேன்" என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி. நான் வாசலில் நின்று, வாரேன் என்றேன். "வா" என்றார் கண்ணைத் திறக்காமல்.

அந்தப் பரீட்சையில் வந்த பத்தி எறும்புகளைப் பற்றியது. எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது, எப்படித் தீனி சேர்க்கிறது என்று. அதில் யாரும் சாகவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எழுதினேன். ஒவ்வொரு விடைக்கும் முன்னால், அது எந்த வரியில் இருக்கிறது, காட்டு என்று அவர் குரல் காதில் கேட்டது. அந்தக் குரல் இப்போது வீட்டில் இருக்கிறதா என்று நினைத்த ஒவ்வொரு முறையும் எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்.

திரும்பி வரும் பஸ் மேலே ஏறும்போது ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்றுவிட்டது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாருக்கு ஒடம்பு முடியலை சாமி?" என்று கேட்டார். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று பயந்து தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் கூட்டமாகக் கிடக்கிறதா என்றுதான் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தேன். டீச்சர் செருப்பு மட்டும் கிடந்தது. உள்ளே அவர் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கிண்ணத்தைப் பிடித்திருந்தார்.

"அந்தப் பொம்பளை வந்தாளா?" என்றார்.

"இல்லீங்க. எறும்புதான் வந்துச்சு."

"எறும்பா? அது பாடு பரவாயில்லை, குடும்பத்தோட இருக்கும்" என்றார். டீச்சர் சிரித்த சிரிப்பில் கஞ்சி தளும்பியது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறை தேறினேன். ஒட்டுமா ஒட்டாதா என்கிற மார்க்குதான், ஆனால் தேறினேன். டீச்சர் செல்போனைக் காட்டியபோது எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டார், சாமி படத்தை நோக்கி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனி நான் இருந்தாலும் சரி, செத்தாலும் சரி, நீயும் புள்ளையும் பொழைச்சுக்குவீங்க." அவர் முழுவதும் சொல்லி முடித்தார். நான் அவர் வாயைப் பொத்தவில்லை. பொத்தக் கை எழுந்தது. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நின்றுவிட்டது.

பால்வாடி டீச்சரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். பக்கத்து ஊர் டீச்சர் இங்கேயும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். என் விண்ணப்பம் கீழே ஆபீசில் இருக்கிறது. ஆபீஸ் ஜீப் சத்தம் கேட்டால் கரண்டியோடு வெளியே வந்து பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குப் புண் ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறது. சாயங்காலம் விளக்கை ஏற்றிவிட்டு நான் அம்மனிடம் நிற்கும்போது கேட்பது இவ்வளவுதான். ஆர்டர் வரட்டும் தாயே. அவர் சொன்ன அந்த நாள் மட்டும் வராமல் இருக்கட்டும்.